கவலை வலையும் முகப்பருவும்

வணக்கம், நேயர்களே. பழைய வண்ணாரப்பேட்டையில் தோல் மருத்துவராக இருக்கிறேன். எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, சென்ற மாதம் தன் அம்மாவோடு வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து மேசையில் வைத்தாள். பற்பசை டியூபைப் போல அடியிலிருந்து சுருட்டி, கடைசிச் சொட்டுவரை பிழிந்திருந்தாள். கிளிண்டமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் பூச்சு அது. மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கி, எட்டு மாதமாகப் பூசியிருக்கிறாள். முதலில் அடங்கிய பரு, பிறகு கன்னமெங்கும் திரும்பிவிட்டது.

“கிருமியை அடியோடு ஒழிக்கிற மருந்தாகக் கொடுங்கள், டாக்டர்” என்றார் அம்மா.

“அடியோடு ஒழிக்கக் கூடாதம்மா” என்றேன்.

பருவில் பங்குள்ள கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் பாக்டீரியா எல்லார் முகத்திலும் உண்டு. மயிர்க்கால்களில் சுரக்கும் எண்ணெயை உடைத்து, தோலின் அமிலத்தன்மை குறையாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் சீழ்க்கட்டி உண்டாக்கும் கிருமிகள் அங்கே எளிதில் காலூன்றுவதில்லை. பருவுள்ள தோலில் மிகுந்திருப்பவை அதன் சில வகைகள்தான். ஆன்டிபயாட்டிக் இதையெல்லாம் பார்ப்பதில்லை. சுற்றியுள்ள வேறு பாக்டீரியாக்களையும் சேர்த்தே அடிக்கிறது. தப்பிப் பிழைப்பவை அந்த மருந்துக்கு அசையாதவையாகிப் பெருகுகின்றன. காசிமேட்டு மீனவர்களுக்குத் தெரிந்த செய்திதான் இது: சுருக்குமடி வலை போட்டால் மீன்குஞ்சும் சேர்ந்தே ஏறும், கவலை மீனுக்கான கவலை வலை போட்டால் அதன் கண்ணிக்கு ஏற்ற கவலைதான் மாட்டும்.

பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ், அந்தக் கவலை வலையைப் போன்றது. ஃபெலிக்ஸ் தெரெல் என்னும் நுண்ணுயிரியலாளர் 1917-இல் பெயரிட்ட வைரஸ் அது. தனக்குரிய பாக்டீரியாவின் மேல் ஒட்டி, மரபுப்பொருளை உள்ளே செலுத்தி, அங்கேயே பெருகி, அதை வெடிக்கச்செய்து வெளியேறும். நம் உயிரணுக்களில் அதற்குப் பிடிமானம் கிடையாது.

2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மூக்கில் ஒட்டி உரிக்கும் பட்டைகளைக் கொண்டே இந்தப் பரு பாக்டீரியாவைத் தாக்கும் 11 ஃபேஜ்களைச் சேகரித்தார்கள். பரு உள்ளவர்களிடமும் அவை இருந்தன, இல்லாதவர்களிடமும் இருந்தன. 2023-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் எலிகளின் தோலில் ஃபேஜைப் பூசியபோது வீக்கம் குறைந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஃபேஜ்கள் கியூட்டிபாக்டீரியத்தின் பெரும்பாலான வகைகளைக் கொல்கின்றன. நல்லதும் அதில் அடங்கும். வலையின் கண்ணியை இன்னும் நுணுக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் அடைத்த மயிர்க்காலின் ஆழத்துக்கு அவற்றைக் கொண்டுசேர்ப்பதும் எளிதல்ல.

ஆகவே அவளுக்கு நான் எழுதித் தந்தவை, ஆன்டிபயாட்டிக் அல்லாத பூச்சு மருந்துகளான பென்சாயில் பெராக்சைடும் அடாபலீனும்தான். கிளிண்டமைசினை நிறுத்தச் சொன்னேன். மூக்குப் பட்டையில் கிடைத்த ஃபேஜ்களைப் பற்றிச் சொன்னபோது, அந்தப் பெண் தன் மூக்கை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.