கடைசி நொடியில் ஏலம் கேட்பவர் மீது எனக்குக் கோபம் இல்லை

வணக்கம் நண்பர்களே. தபால்தலையோ நாணயமோ சேகரிக்கும் நண்பர்களை எங்கே சந்தித்தாலும் ஒரே முறையீட்டைத்தான் கேட்கிறேன்: "இணைய ஏலத்தில் ஆறு நாள் நான்தான் முன்னிலையில் இருந்தேன், ஏலம் முடிய மூன்று நொடி இருக்கும்போது யாரோ வந்து தட்டிக்கொண்டு போய்விட்டார், இது நியாயமா?" இந்தப் பழக்கத்துக்கு ஸ்னைப்பிங் என்று பெயர். அது நியாயமானதுதான் என்றும், நம் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்றும் இன்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இந்த ஏலம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஈபே போன்ற இணைய ஏலத் தளங்களில் நாம் கொடுக்கும் தொகை நேரடியாக விலையாகிவிடுவதில்லை. ஒரு தபால்தலைக்கு நான் 5,000 ரூபாய் வரை தரத் தயார் என்று பதிவு செய்கிறேன். எனக்கு அடுத்தபடியாக இருப்பவர் 1,200 ரூபாயோடு நின்றுவிட்டால், அதற்கு மேல் ஒரு படி மட்டும் கூட்டி, ஏறத்தாழ 1,250 ரூபாய்க்கு அது என் கைக்கு வந்துவிடும். இதைக் கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1893ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்தாம்ப்டன் ஊரில், தபால்தலை வணிகர்கள் அஞ்சலில் வந்த விலைகளை வைத்து இதே முறையில் ஏலம் நடத்தியிருக்கிறார்கள். பொருளியலாளர் வில்லியம் விக்ரி வென்றவர் தமக்கு அடுத்தவர் கேட்ட விலையை ஒட்டியே செலுத்தும் இந்த 'இரண்டாம் விலை' ஏலத்துக்குக் கோட்பாடு எழுதியது 1961இல். அதாவது, பேராசிரியர்களுக்கு முன்பே நம்மைப் போன்ற சேகரிப்பாளர்கள் அதைப் பழகிவிட்டார்கள்.

இந்த முறையின் அழகே, மனத்தில் உள்ள உச்சவிலையை ஒளிக்காமல் சொல்லிவிடலாம் என்பதுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எனக்கு அடுத்த விலையைக் கேட்டவர் அந்தப் பொருளை உண்மையாகவே விரும்புகிறவராக இருக்க வேண்டும். விற்பவரே வேறொரு பெயரில் நுழைந்தால், 1,500, 2,000, 2,500 என்று சிறிது சிறிதாக ஏற்றி, என் உச்சவிலை எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட முடியும். நம் ஊர் ஏலக் களங்களில் ஆள் வைத்து விலை ஏற்றுவது என்று சொல்வோமே, அதேதான். இணையத்தில் அதை ஷில் பிட்டிங் என்கிறார்கள். களத்திலாவது அந்த ஆளின் முகம் தெரியும், இவர் அவருடைய மைத்துனர் ஆயிற்றே என்று பக்கத்தில் நிற்பவர் காதில் சொல்லிவிடுவார். திரையில் இரண்டு எழுத்தும் நடுவே நட்சத்திரக் குறிகளும் மட்டுமே தெரிகின்றன.

இப்போது கடைசி நொடிக்காரரிடம் திரும்புவோம். ஏலம் முடியும் தறுவாயில் தன் உச்சவிலையைப் பதிகிறவர், அதைத் தடவிப் பார்க்கும் அவகாசத்தை யாருக்கும் தருவதில்லை. ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் என்னும் இரு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் ஈபே ஏலங்களையும் அந்நாளில் அமேசான் நடத்திய ஏலங்களையும் ஒப்பிட்டார்கள். ஈபேயில் குறித்த நேரத்தில் ஏலம் முடிந்துவிடும். அமேசானிலோ இறுதியில் யாராவது விலை கேட்டால் மேலும் பத்து நிமிடம் நீளும். கடைசி நேரத்தில் குவியும் பிட்டுகள், அதாவது விலைக் கேட்புகள், ஈபேயில்தான் மிக அதிகமாக இருந்தன, அதிலும் கணினிப் பொருள்களைவிடப் பழம்பொருள்களில் கூடுதலாக இருந்தன. காரணம் நமக்குப் புரியாததன்று. பழம்பொருளின் மதிப்பு அறிந்தவர் முன்கூட்டியே விலை கேட்டால், அவர் கேட்கிறார் என்பதே மற்றவர்களுக்குச் செய்தியாகிவிடும். இருபது ஆண்டு படித்துச் சேர்த்த அறிவை ஆறு நாள் திரையில் விரித்து வைக்க யாருக்கு மனம் வரும்? நேரம் நீளும் விதியை நான் குறை சொல்லவில்லை, இன்னும் கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு அது வாய்ப்புத் தருகிறது. ஆனால் விலை ஏற்ற வந்தவருக்கும் அதே வாய்ப்பு கிடைக்கிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி தபால்தலைகள் நான்கில், பத்து ரூபாய்த் தலை ஒன்றுக்கு ஒரு தளத்தில் என் உச்சவிலையை முதல் நாளே பதிந்துவிட்டேன். ஒருவர் பதினோரு முறை படிப்படியாக ஏறி வந்து என்னைத் தாண்டி வென்றார். இரண்டு நாள் கழித்து, வென்றவர் பணம் செலுத்தவில்லை, நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறோம் என்று விற்பவரிடமிருந்து செய்தி வந்தது. வென்றவரின் முந்தைய ஏலங்களைப் பார்த்தேன்; எல்லாமே அந்த ஒரே விற்பனையாளரின் பொருள்கள். என்னிடம் வேறு சான்று இல்லை, ஆகவே அந்தப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தத் தலையை நான் வாங்கவில்லை.

விற்பவர் மட்டுமன்றி ஏலம் நடத்துகிறவரே இதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் தடவிப் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை, நம் உச்சவிலை அவர் மேசையிலேயே இருக்கிறது. பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேகரிப்போர் உலகத்தில் பில் மாஸ்ட்ரோவைவிடப் பெரிய ஏலக்காரர் ஒரு காலத்தில் இல்லை. டி206 என்னும் பழைய அட்டை வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் படம் உள்ள அட்டைகளில் மிகப் புகழ்பெற்றது அவர் கைவழி வந்தது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விலைபோனது. 2013இல் நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, தம் நிறுவனத்தின் ஏலங்களில் பொய்யான பிட்டுகளால் விலை ஏற்றியதையும், அந்த வாக்னர் அட்டையின் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டார். 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஏலங்களில் தோற்றவர்களைவிட வென்றவர்களே அதிகம் இழந்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது; எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தோம் என்று கணக்கிடக்கூட அவர்களுக்கு வழியில்லை.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இல்லை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, விற்பவர் தாமும் விலை கேட்கும் உரிமையை முன்கூட்டியே அறிவித்து வைத்துக்கொள்ளாவிட்டால், அவரோ அவர் வைத்த ஆளோ விலை கேட்பது சட்டவிரோதம் என்கிறது. போலியாகக் கேட்டு விலையை உயர்த்தினால், அந்த விற்பனையை ரத்துசெய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்றும் சொல்கிறது. சுத்தியல் தட்டி முடிக்கும் ஏலத்தை மனத்தில் வைத்து எழுதிய பிரிவுதான், ஆனாலும் அதில் உள்ள "முன்கூட்டியே அறிவித்து" என்னும் நிபந்தனையை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

அதை ஒட்டியே அடுத்த மாதம் நாணய ஏலம் நடத்தவிருக்கும் நிறுவனம் ஒன்றுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊழியர்கள் ஏலத்தில் விலை கேட்பதுண்டா, பொருளைக் கொடுத்தவர் கேட்க அனுமதி உண்டா, நாங்கள் பதியும் உச்சவிலையை ஏலம் முடியும் முன் உங்களில் யார் பார்க்க முடியும் என்று மூன்றே கேள்விகள். முதல் இரண்டுக்கும் "இல்லை" என்று உடனே பதில் வந்தது. மூன்றாவதற்கு இன்னும் வரவில்லை. அது வரும்வரை அங்கே நான் எந்த விலையும் பதியப் போவதில்லை.