டர்போ இல்லாத எஞ்சினும் கூடுதல் குதிரைவலுவும்

வணக்கம், நேயர்களே.

ஐந்து ஆண்டுகள் இலங்கைக்குத் தனியார் கார்கள் வரவில்லை. 2020 மார்ச்சில் மூடிய இறக்குமதிக் கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் எங்கள் கிழக்குக் கரைப் பக்கத்தில், வாழைச்சேனை தொடக்கம் அக்கரைப்பற்று வரைக்கும், இருபது முப்பது வயதான ஜப்பானியக் கார்கள் இன்னும் செல்லமாகப் பேணப்படுகின்றன. அவற்றில் சில உண்மையான ஸ்போர்ட்ஸ் கார்கள்: இன்டெக்ரா, லெவின், ரோட்ஸ்டர், சிவிக்கின் வீடெக் வகைகள். இவற்றை வைத்திருக்கும் தம்பிமார் பட்டறைக்கு வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணன், இதில் இன்னும் எவ்வளவு குதிரைவலு எடுக்கலாம்?"

எஞ்சின் வேலையோடு வாழ்பவன் என்பதால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பணம் போகிற இடம் ஒன்று, எஞ்சினில் வலு இருக்கிற இடம் வேறொன்று. அதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

முதலில் காற்று. டர்போ உள்ள எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளிக்கொடுக்க ஒரு காற்றாடி இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அப்படி எவரும் இல்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தம் எவ்வளவு காற்றை உள்ளே தள்ளுகிறதோ, அதுதான் கிடைக்கும். பெற்றோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். எரிக்கக் காற்று வேண்டும். ஒரு பங்கு பெற்றோலை முழுதாக எரிக்க எடை அளவில் 14.7 பங்கு காற்று தேவை. உச்ச வலுவுக்குக் கலவையைக் கொஞ்சம் செறிவாக்கி, பன்னிரண்டரை, பதின்மூன்று பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்று வைப்போம். அதற்கு மேல் ஊற்றும் பெற்றோல் கரும்புகையாகத்தான் போகும்.

மட்டக்களப்பு கடல் மட்டத்தில் இருக்கிறது. அது எஞ்சினுக்கு நல்லது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே வளிமண்டல அழுத்தம் இங்கே உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்குள்ள குளிர் கொஞ்சம் ஈடு செய்தாலும், ஏப்ரலில் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்கு ஏறும் டர்போ இல்லாத கார், தன் காற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை அடிவாரத்திலேயே விட்டுவிட்டுத்தான் போகிறது. எங்களுக்கு அந்தக் குறை இல்லை. எங்களுக்கு உள்ள குறை வெப்பம். 33 பாகை செல்சியஸ் வெயிலில் ஒரு லீற்றர் காற்றின் எடை, 15 பாகையில் இருப்பதைவிட ஆறு சதவீதம் குறைவு. வாவியும் கடலும் சேர்ந்து தரும் ஈரப்பதன் அதிலும் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இப்போது பொனட்டைத் திறந்து பார்ப்போம். தம்பிமார் வாங்கும் முதல் பொருள், கூம்பு வடிவ எயார் பில்டர். கம்பனி பொருத்திய பெட்டியையும் குழாயையும் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினுக்குப் பக்கத்தில் அதைத் திறந்தபடி மாட்டுகிறார்கள். சத்தம் நன்றாக இருக்கும். ஆனால் அது இழுப்பது பொனட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் காற்றை. நெரிசலில் ஊர்ந்து போகும்போது அங்கே 60 பாகை என்பது சாதாரணம். 33 பாகைக் காற்றையும் 60 பாகைக் காற்றையும் ஒப்பிட்டால் எட்டு சதவீதம் இழப்பு. 130 குதிரைவலு எஞ்சினில் பத்துக் குதிரைகளைப் பணம் கொடுத்துத் துரத்திவிட்டோம் என்று அர்த்தம். அறுவடைக் காலத்தில் படுவான்கரைப் பக்கம் ஓடினால் நெற்பதரும் புழுதியும் வேறு. தரம் குறைந்த பில்டர் வழியாக நுழையும் அந்தப் புழுதி சிலிண்டர் சுவரை அரித்துவிடும். பெட்டியை வைத்திருங்கள். பம்பருக்குப் பின்னாலிருந்து, வெளிக்காற்றை எடுக்கும் அகலமான குழாயை அதற்குக் கொடுங்கள். அதுவே போதும்.

அடுத்து சைலன்சர். பெரிய குழாய் போட்டால் பெரிய வலு என்ற எண்ணம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அது சரியல்ல, ஆனால் இதன் உட்பொருள் மிக அழகானது, கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எரிந்த வாயு வெளியேறும் எக்ஸோஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஓடுகிறது. நான்கு குழாய்களும் ஒன்று சேரும் இடத்தை அது அடைந்ததும், எதிர் அலையாக, அதாவது உறிஞ்சும் அலையாக, வால்வை நோக்கித் திரும்புகிறது. அது திரும்பி வரும் நேரமும், காற்று நுழையும் இன்டேக் வால்வு, எக்ஸோஸ்ட் வால்வு இரண்டும் சற்றே திறந்திருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தால், மிச்சமிருக்கும் எரிந்த வாயுவை அந்த அலை வெளியே இழுத்துவிடும். பிஸ்டன் இறங்கத் தொடங்கும் முன்பே புதுக் காற்று உள்ளே வரத் தொடங்கும். நன்றாகச் செய்த எஞ்சின் தன் கொள்ளளவைவிடக் கூடுதலாகவே காற்றை நிரப்பிக்கொள்வது இதனால்தான். ஹெடர் என்று நாம் சொல்லும் அந்தக் குழாய்க் கூட்டத்தின் நீளமும் விட்டமும் முக்கியமாவது இதற்காகத்தான். நான்கு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் அமைப்பு நடுத்தரச் சுற்றுகளில் கை கொடுக்கும். நான்கும் ஒரே இடத்தில் சேரும் அமைப்பு உச்சச் சுற்றுகளுக்கு ஏற்றது. தேவைக்கு மேல் அகலமான குழாயில் வாயுவின் வேகம் விழுந்துவிடும். கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் காத்தான்குடிக்குப் போகும் வழியெல்லாம் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000, 3,000 சுற்றுகளில்தான் ஓடுகிறது. அங்கே அந்தக் கார் மந்தமாகிவிடும்.

குதிரைவலு என்பது முறுக்குவிசையையும் சுற்று வேகத்தையும் பெருக்கி வருவது. நியூட்டன் மீற்றரை நிமிடச் சுற்றால் பெருக்கி 7,024 ஆல் வகுத்தால் குதிரைவலு வரும். 150 நியூட்டன் மீற்றர் 6,000 சுற்றில் 128 குதிரைவலு. அதே 150ஐ 7,500 சுற்றிலும் விடாமல் பிடித்துவைத்தால் 160. 1989இல் ஹோண்டா இன்டெக்ராவில் வந்த 1.6 லீற்றர் பி16ஏ எஞ்சின் 160 குதிரைவலு தந்தது இப்படித்தான். வால்வுகளைத் திறக்கும் கேமில் குறைந்த சுற்றுக்கு ஒரு வடிவம், கூடிய சுற்றுக்கு இன்னொன்று என்று ஹோண்டாவின் வீடெக் அமைப்பு மாற்றிக்கொடுத்தது.

முறுக்குவிசைக்கு ஒரு கூரை இருக்கிறது. டர்போ இல்லாத வீதிக் கார்களில் ஒரு லீற்றருக்குச் சுமார் 100 நியூட்டன் மீற்றர் என்பதே நல்ல வேலை. 2012இல் வந்த டொயோட்டா 86 இரண்டு லீற்றரில் 205 கொடுத்தது. வலு போதவில்லை என்று உலகமே கேட்டபோது, அடுத்த தலைமுறையில் அவர்கள் டர்போ பொருத்தவில்லை. சிலிண்டரை 86 மில்லிமீற்றரிலிருந்து 94 ஆக அகலமாக்கி, 2.4 லீற்றராக்கினார்கள். 250 நியூட்டன் மீற்றர் வந்தது. லீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் மிகச் சிறிது. ஆகவே ஒரு பெட்டியை மாட்டினால் 1.6 லீற்றரில் 40 குதிரைவலு கூடும் என்று எவராவது விற்க வந்தால், அந்த முறுக்குவிசை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

கம்பியூட்டர் மாற்றம், அதாவது ரீமேப், இதே கணக்கில்தான் வருகிறது. டர்போ காரில் ரீமேப் செய்தால் காற்றழுத்தமே கூடும். அதனால் அங்கே வலு அள்ளிக்கொண்டு வருகிறது. இங்கே காற்று கூடாது. பற்றவைக்கும் நேரத்தையும் கலவையையும் கொஞ்சம் திருத்தலாம், அவ்வளவுதான். கேம், ஹெடர் எல்லாம் மாற்றிய பிறகு அது கட்டாயம் தேவை. எதையும் மாற்றாமல் அதை மட்டும் செய்வதில் பெரிய பயன் இல்லை.

இனி வலு உண்மையில் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். அது சிலிண்டர்களை மேலே மூடி, வால்வுகளைத் தாங்கியிருக்கும் சிலிண்டர் ஹெட்.

ஆனால் ஹெட்டைக் கழற்றும் முன் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக மீற்றரை வைத்து, அக்சிலரேட்டரை முழுதும் மிதித்து எஞ்சினைச் சுழற்றுங்கள். 185, 180, 150, 182 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது சிலிண்டரில் நோய் இருக்கிறது. அதற்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் திரும்ப எடுங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. பழைய ஹோண்டாக்களில் வால்வு இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும், அதைப் பல ஆண்டுகள் எவரும் தொடுவதில்லை. வால்வு தான் உட்காரும் சீற்றில் அமிழ அமிழ இடைவெளி குறைந்து, எக்ஸோஸ்ட் வால்வு முழுதும் மூடாமல் கருகத் தொடங்குகிறது. ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு அளவான இடைவெளிதான். அதைச் சரிசெய்து, வால்வுகளைச் சீற்றில் உரசி உட்காரவைத்தால், கம்பனி கொடுத்த வலு திரும்பி வரும். புதுப் பொருள் எதுவும் வாங்காமல் கிடைக்கும் குதிரைவலு அது. பட்டறைக்கு வரும் பழைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவையானது இது மட்டுமே என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு மேல் போக விரும்புகிறவர்களுக்கு மூன்று வேலைகள்: போர்ட் எனும் காற்றுத் துவாரம், அமுக்க விகிதம், கேம்.

போர்ட் வேலை என்றால் துவாரத்தைக் கண்டபடி குடைந்து பெரிதாக்குவது என்று நினைத்துவிடாதீர்கள். வால்வு சீற்றுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குள்தான் காற்று திரும்புகிறது. அந்த வளைவில் இருக்கும் வார்ப்பு விளிம்பைப் பக்குவமாக மழிப்பதும், சீற்றை மூன்று கோணங்களில் வெட்டுவதுமே பலன் தரும் வேலை.

அமுக்க விகிதத்துக்கு, அதாவது பிஸ்டன் மேலேறும்போது கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதற்கு, கணக்கு வேண்டும். 1.6 லீற்றர் நான்கு சிலிண்டர் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 400 சீசீ. விகிதம் பத்துக்கு ஒன்று என்றால் எரியறையின் கொள்ளளவு 44.4 சீசீ. பதினொன்றுக்கு ஏற்ற வேண்டுமானால் 40. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் பூசி மூடி, அளவுக் குழாயால் எண்ணெய் விட்டு நான்கு அறைகளையும் அளந்த பிறகுதான் மெஷினில் சீவக் கொடுக்க வேண்டும். சீவுவது ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வரும். கிடைப்பதோ இரண்டு மூன்று சதவீதம். ஆனாலும் அது எல்லாச் சுற்றுகளிலும் கிடைக்கிறது, பெற்றோலும் மிஞ்சுகிறது. அதனால் எனக்கு இது பிடித்தமான வேலை.

ஒன்றை மறக்கக் கூடாது. நமது நாட்டில் பெரும்பாலும் கிடைப்பது 92 ஒக்டேனும் 95 ஒக்டேனும். ஹோண்டா எஸ்2000 ஜப்பானில் 11.7 அமுக்க விகிதத்தோடு 250 குதிரைவலுவுக்கு விற்கப்பட்டது. பிற நாடுகளுக்கு 11.0 விகிதத்தோடு சுமார் 240. ஜப்பானின் உயர் ஒக்டேன் பெற்றோலுக்காகக் கட்டிய எஞ்சினை வாங்கி 92 ஊற்றி ஓட்டினால், கலவை தன்னிச்சையாக வெடித்து நொக்கிங் எழும், பிஸ்டன் ஓட்டையாகவும் கூடும். விகிதத்தைக் கூட்டியவர்கள் 95 மட்டும் அடிக்க வேண்டும். அது கட்டுப்படியாகாது என்றால் ஹெட்டைச் சீவ வேண்டாம்.

கேம் மாற்றும் வேலையில் எனக்குப் பயமும் உண்டு, மரியாதையும் உண்டு. வால்வு கூடுதலாக, நீண்ட நேரம் திறந்திருந்தால் உச்சச் சுற்றில் காற்று நிரம்பும். கீழே முறுக்குவிசை போகும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இடம் இருக்கிறதா என்று பார்க்க, பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசீனைத் தட்டி, பிஸ்டன் தலையில் ஒட்டி, மேலே எண்ணெய் தடவி, ஹெட்டைப் பூட்டிக் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஹெட்டைத் திரும்பத் தூக்கினால் நான்கு வால்வுகளும் களியில் பிறை போலப் பதிந்திருக்கும். பிளேட்டால் குறுக்கே வெட்டி, மிக மெலிந்த இடத்தின் தடிப்பை அளந்து பார்க்க வேண்டும். அதை அளக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய நான் எவரையும் விடுவதில்லை.

சுற்றை உயர்த்துவதற்கும் விலை உண்டு. 7,000 இலிருந்து 8,000 ஆக்கினால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டின் மீது வரும் இழுவிசை 30 சதவீதம் கூடுகிறது, அது வர்க்கமாக ஏறுவது. எஸ்2000 9,000 சுற்றில் ஓடும்போது அதன் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 25 மீற்றர் வேகத்தில் போய் வருகிறது. அதைத் தாங்கவென்றே அந்த எஞ்சினைக் கட்டினார்கள். சாதாரண எஞ்சினில் சுற்று எல்லையை மட்டும் உயர்த்திவிட்டால் வால்வு ஸ்பிரிங் பின்தங்கி, வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

புகைப் பரிசோதனையையும் யோசியுங்கள். கூர்மையான கேம் போட்ட எஞ்சின் ஐட்லிங்கில் எரியாத பெற்றோலைச் சைலன்சர் வழியே விடும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் ஆண்டுதோறும் செய்யும் சோதனையில் அது ஹைட்ரோகார்பனாகப் பதிவாகும். புகையைச் சுத்தமாக்கும் கற்றலிட்டிக் கொன்வேர்ட்டரைக் கழற்றியவர்கள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

கடைசியாக, பிரேக் எண்ணெய். வலு கூட்டிய காரைச் செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் ஏற்றி இறக்க ஆசைப்படாதவர் இல்லை. டொட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. நீரை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 பாகை வரை இறங்கிவிடலாம். எங்கள் ஈரக்காற்றில் அது நீரை வேகமாகவே உறிஞ்சுகிறது. இறக்கத்தில் எண்ணெய் கொதித்தால் மிதி தரை வரை போகும், கார் நிற்காது. கேமுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கும் தம்பிமார், இந்த வாரமே பிரேக் எண்ணெயை மாற்றி, பேட்டையும் ஹோஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு கம்ப்ரெஷன் மீற்றரோடு ஆரம்பிக்கலாம்.

நன்றி, வணக்கம்.