சோறு குறைந்தது, சர்க்கரை இறங்கியது, எல்டிஎல் ஏறியது

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில் சர்க்கரை நோய் பார்க்கிற மருத்துவர்களிடம் நோயாளிகள் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், சோறு, இட்லி, தோசை எல்லாத்தையும் விட்டு ஆறு மாசம் ஆச்சு. சர்க்கரை நார்மல். எடையும் குறைஞ்சிருக்கு. கொலஸ்ட்ரால் மட்டும் எகிறியிருக்கு. இது பரவாயில்லைதானே?"

பரவாயில்லை என்று நான் சொல்வதில்லை. அதற்குக் காரணம் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்தைக் குறைப்பதற்கு நான் எதிரி இல்லை. நம் ஊர்ச் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். காலையில் இட்லி அல்லது பொங்கல். மத்தியானம் சாம்பாருக்கு ஒரு சுற்று சோறு, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். இரவு மறுபடியும் தோசை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நாடு முழுவதும் நடத்திய இன்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வு, நாம் சாப்பிடும் கலோரிகளில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025இல் சொன்னது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ என்று மாற்றிக்கொண்டு, மொத்த அளவைக் குறைக்காமல் விட்டால் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. "நைட்ல சப்பாத்திக்கு மாறிட்டேன் டாக்டர்" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். நாலு சப்பாத்தி நாலு சப்பாத்திதான்.

தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்துக்கு அனுப்புகிறது. ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு என்று வருவது அதுதான். அது ஏறினால் நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் இறங்கும். கொஞ்சம் தொப்பை, கல்லீரலில் கொழுப்பு, டிரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு. இந்த நான்கும் சேர்ந்தே இருப்பதை நம் மக்களிடம் தினமும் பார்க்கிறோம். மாவுச்சத்தைக் குறைத்தால் இது சில வாரங்களிலேயே சீராகத் தொடங்கும். அவ்வளவு நல்ல பலன் கண்ணெதிரே தெரியும்போது, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் ஏறியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என்னிடம் வந்த ஒருவரின் ரிப்போர்ட்டைச் சொல்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயது. சர்க்கரை நோய் உண்டு. கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தும் போடவில்லை. ஆரம்பத்தில் மொத்த கொலஸ்ட்ரால் 210, டிரைகிளிசரைடு 290, எச்டிஎல் 32, எல்டிஎல் 120. சோற்றை விட்டு ஆறு மாதம் கழித்து மொத்தம் 296, டிரைகிளிசரைடு 95, எச்டிஎல் 47, எல்டிஎல் 230. மூன்று மாத சர்க்கரை சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.2 சதவீதத்திலிருந்து 6.1க்கு வந்துவிட்டது. மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இங்கே எல்லோரும் வீட்டிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். மீதி இருப்பது ரத்தக் குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லா வகைக் கொழுப்பும் சேர்ந்த தொகை. இதற்கு நான்-எச்டிஎல் என்று பெயர். இவருக்கு முதலில் 210இல் 32 போக 178. அப்புறம் 296இல் 47 போக 249. டிரைகிளிசரைடு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும், மொத்தச் சுமை கூடித்தான் இருக்கிறது. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரிய அபாயம் இல்லாதவருக்கே இது 130க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் போன்ற அதிக அபாயக்காரர்களுக்கு 100க்குக் கீழே, எல்டிஎல் 70க்குக் கீழே.

கூட வந்திருந்த அவர் மனைவியிடம் கேட்டேன். "மாசத்துக்கு எவ்வளவு நெய் வாங்குறீங்கம்மா?"

"முன்னாடி அரை கிலோ. இப்ப மூணு கிலோ டாக்டர். வெண்ணெய் தனி."

காலையில் வெண்ணெய் போட்ட காபி, மத்தியானம் நெய்யில் வறுத்த கறி, சமையல் முழுக்கத் தேங்காய் எண்ணெய், சாயங்காலம் சீஸ். எல்டிஎல் ஏன் ஏறியது என்பதற்கு அந்த அம்மா சொன்ன பதிலே போதும்.

கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுப்பது அவைதான். இதைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் நிறைந்திருக்கும் உறைகொழுப்பு இந்த ஏற்பிகளின் வேலையைக் குறைக்கிறது. ஆகவே எல்டிஎல் ரத்தத்திலேயே தேங்குகிறது. ஒல்லியாக இருந்துகொண்டு மாவுச்சத்தை அறவே விட்டவர்கள் சிலருக்கு இது 200ஐயும் தாண்டிவிடுகிறது.

"சர்க்கரை சரியா இருந்தா எல்டிஎல் ஏறினாலும் ஒண்ணும் ஆகாது" என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். பிறவியிலேயே இந்த ஏற்பிகளில் குறை உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் பலர் ஒல்லியானவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். எல்டிஎல் மட்டும்தான் அதிகம். சிகிச்சை இல்லாவிட்டால் பலருக்கு முப்பது, நாற்பது வயதுகளிலேயே மாரடைப்பு வருகிறது. இதற்கு நேர்மாறாக, பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்தால் பிறவியிலேயே எல்டிஎல் குறைவாக உள்ள அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி 2006இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு. இதய நோயோ 88 சதவீதம் குறைவு. ஏற்றமும் இறக்கமும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. இத்தனை வருடமாக எல்டிஎல் எவ்வளவு இருந்தது என்ற மொத்தக் கணக்கை ரத்தக் குழாய் சுமக்கிறது. ஆறு மாதத்தில் நெஞ்சு வலிக்கவில்லை என்பது எதற்கும் சான்று ஆகாது.

சரி, அப்படியானால் மறுபடியும் மூன்று சுற்று சோறா? வேண்டவே வேண்டாம். சோறு இருந்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்பதுதான் விஷயம். அந்த நண்பருக்கு நான் சோற்றைத் திருப்பித் தரவில்லை. நெய்யைப் பழைய அரை கிலோவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய். கறிக்குப் பதில் வாரத்தில் பல நாள் மீன்; காசிமேட்டு மத்தியும் அயிலையும் விலை குறைவு, இதயத்துக்கு நல்ல கொழுப்பும் அவற்றில் உண்டு. ஒரு கிண்ணம் சுண்டல், கீரைக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், வெண்ணெய் எடுத்த மோர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. சுண்டலில் மாவுச்சத்து இருக்கிறதே என்றார். இருக்கிறது, கூடவே புரதமும் நார்ச்சத்தும் இருக்கின்றன, எல்டிஎல்லைக் குறைக்க அந்த நார்ச்சத்து உதவும் என்றேன். மூன்று மாதத்தில் எல்டிஎல் 138க்கு வந்தது, சர்க்கரை ஏறவில்லை. அவருக்கு இலக்கு 70 என்பதால் எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் தொடங்கினோம். உணவால் முடிந்தது அதுவரைதான். மிச்சத்துக்கு மாத்திரை தேவைப்பட்டது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறவர்கள் தொடங்கும் முன் ஒரு முறையும், மூன்றாம் மாதம் ஒரு முறையும் லிப்பிட் ப்ரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடுங்கள். அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் லைப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையை வாழ்நாளில் ஒரு தடவையாவது செய்துகொள்ள வேண்டும். ரத்தத்தில் உள்ள இந்த வகைக் கொழுப்பின் அளவு பரம்பரையாக வருவது, சாப்பாட்டை மாற்றினாலும் பெரிதாக அசையாது.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தவே கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு விட்டால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை 180, 200 என்று, ரொம்ப ஏறாததுபோலக்கூடக் காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் மீட்டரை நம்பி வீட்டில் படுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எடுக்கும் மாத்திரைகளின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

நன்றி, வணக்கம்.