1942: ராஜாஜி இழந்த ஆதரவு

நேயர்களுக்கு வணக்கம். காங்கிரஸில் ராஜாஜிக்கு இருந்த செல்வாக்கு 1942ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் சரிந்தது குறித்து இன்று பேச விரும்புகிறேன்.

வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகம் நடத்தியவர், 1937 முதல் 1939 வரை சென்னை மாகாண அரசுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தின் மீதும் காக்கிநாடாவின் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னைவாசிகளின் வயிற்றில் புளியைக் கரைத்த நாட்கள் அவை. முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றால்தான் இரு கட்சிகளும் சேர்ந்து தேசிய அரசு அமைக்க முடியும் என்று அப்போது அவர் கருதினார். சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சி அவர் கருத்தை ஏற்றது. அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியோ 120க்கு 15 என்ற வாக்கில் அதைத் தள்ளியது.

அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. பம்பாய் மாதுங்காவில் பேசிக்கொண்டிருந்தபோது அவர்மீது தார் வீசப்பட்டது. அதைத் துடைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். அந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஜூலையில் கட்சியிலிருந்தும் சட்டமன்றத்திலிருந்தும் விலகினார்.

ஆனால், கருத்து வேறுபாட்டைவிட ஆகஸ்டில் நடந்ததே ஆறாத வடுவானது என்பது என் எண்ணம். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை அவர் ஏற்கவில்லை. காமராஜரும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சிறையில் வாடியபோது, முந்தைய போராட்டங்களில் தாமும் சிறை கண்ட ராஜாஜி, வெளியே இருந்தார். சிறைவாசமே தேசபக்திக்கு உரைகல்லாக இருந்த காலத்தில், கொள்கை காரணமாக வெளியே நின்றவருக்கும் அஞ்சி ஒதுங்கியவருக்கும் உள்ள வேறுபாட்டை எத்தனை தொண்டர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

மேலிடத்தின் தயவு விரைவிலேயே திரும்பியது. 1944இல் அவர் வகுத்த திட்டத்தின் அடிப்படையில்தான் காந்தியடிகள் ஜின்னாவுடன் பேசினார். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1946இல் ராஜாஜிக்காகக் காந்தியடிகளே பரிந்து எழுதியும், சென்னை அரசின் தலைமை ஆந்திரத் தலைவர் டி. பிரகாசத்துக்குப் போனது. அந்த எழுத்தால் மனம் புண்பட்ட காமராஜர், கட்சியின் பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார்.

1948இல் கவர்னர் ஜெனரலான ராஜாஜியையே குடியரசின் முதல் தலைவராக்க நேரு விரும்பினார். காங்கிரஸ் உறுப்பினர்கள் பலர் 1942ஐச் சுட்டிக்காட்டி எதிர்த்ததால், அப்பதவி ராஜேந்திர பிரசாத்துக்குச் சென்றது. அதற்குள் பிரிவினை நடந்து முடிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு இசைந்து காங்கிரஸ் கமிட்டியே தீர்மானமும் நிறைவேற்றியிருந்தது.