எக்ஸ்-மென் தொகுப்புகள்: எங்கே தொடங்குவது, எந்தப் பதிப்பை வாங்குவது

[திரையில்: மேசை மேல் நான்கு புத்தகங்கள். கை ஒன்று சிறிய பேப்பர்பேக்கை எடுத்துக் காட்டுகிறது.]

மார்வெலின் சூப்பர்ஹீரோ அணிக் காமிக்ஸான எக்ஸ்-மென் தொடரின் பழைய கதைகளைப் படிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் 'டார்க் ஃபீனிக்ஸ் சாகா' என்ற ஒற்றைப் புத்தகத்தைத்தான். அது 129ஆம் இதழில் தொடங்கும். முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இவ்வளவு கொண்டாட என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கதையின் முன்பாதி அந்தப் புத்தகத்தில் இல்லை என்பதுதான் பதில்.

[திரையில்: 113, 125, 129 என்ற எண்கள் ஒரு கோட்டில் வரிசையாக.]

113ஆம் இதழில், அண்டார்டிகாவில் வில்லன் மாக்னீட்டோவின் எரிமலைத் தளம் இடிந்து விழுகிறது. அணியைச் சேர்ந்த ஜீன் கிரேயும் பீஸ்டும் ஒரு பக்கமாகத் தப்புகிறார்கள், மற்றவர்கள் வேறு பக்கமாக. மற்றவர்கள் செத்துவிட்டார்கள் என்று ஜீன் நம்புகிறாள். அவள் செத்துவிட்டாள் என்று அவள் காதலனும் அணித் தலைவனுமான சைக்ளாப்ஸ் நம்புகிறான். இந்த நம்பிக்கை பல இதழ்களுக்கு நீடிக்கிறது. அணி டைனோசர்கள் உலவும் சாவேஜ் லேண்ட், ஜப்பான், கனடா என்று சுற்றிக்கொண்டிருக்க, துக்கத்தில் இருக்கும் ஜீன் ஸ்காட்லாந்துக்குப் போகிறாள். அங்கே, 125ஆம் இதழிலேயே, ஜேசன் வின்கார்ட் என்பவன் அவள் மனத்துக்குள் பழங்காலக் காட்சிகளை நுழைக்க ஆரம்பித்துவிடுகிறான். 129இல் தொடங்குபவருக்கு வின்கார்ட் திடீரென்று முளைத்த வில்லன். முன்பிருந்தே படித்து வந்தவருக்கு அவன் பல மாதமாக அருகில் நின்று கொண்டிருந்தவன்.

எழுத்தாளர் கிறிஸ் க்ளேர்மான்டின் வழக்கமே இதுதான். ஓர் இதழில் ஒரே ஒரு பக்கத்தில் விதைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து அறுப்பார். ஆகவே 'சாகா' என்று தனியாக வெட்டி விற்கும் புத்தகங்களை விட்டுவிட்டு, இதழ் எண் வரிசையில் வரும் தொகுப்புகளை வாங்குங்கள். 1975இல் லென் வீனும் டேவ் காக்ரமும் புதிய அணியை உருவாக்கிய 'ஜயண்ட்-சைஸ் எக்ஸ்-மென்' முதல் இதழ், அதன்பின் 94 முதல் 143 வரை. மொத்தம் 51 இதழ்கள். ஓவியர் ஜான் பைர்ன் 108இல் வந்து 143இல் விடைபெறுகிறார், இடையில் 110 மட்டும் வேறொருவர் வரைந்தது. தொடரின் உச்சம் இந்தப் பகுதிதான்.

[திரையில்: 1963ஆம் ஆண்டின் முதல் இதழ் அட்டை.]

"அப்போ 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஆரம்பித்த முதல் இதழிலிருந்து வர வேண்டாமா?" வேண்டாம், பிறகு வரலாம். 66ஆம் இதழோடு 1970இல் புதுக் கதைகள் நின்றுபோயின. 67 முதல் 93 வரை வந்தவை முந்தைய கதைகளின் மறுபதிப்பு. எந்தத் தொகுப்பிலும் இந்த 27 எண்களைக் காணவில்லையே என்று பதற வேண்டாம், எதுவும் தொலைந்துபோகவில்லை. பழைய காலத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதென்றால், நீல் ஆடம்ஸ் வரைந்த 56 முதல் 63 வரையும் 65ஆம் இதழும். மற்ற முன்கதை முழுவதையும் 138ஆம் இதழில் சைக்ளாப்ஸே நினைத்துப் பார்க்கிறான்.

[திரையில்: நான்கு பதிப்புகளின் முதுகுப்பகுதி, நெருக்கத்தில்.]

இனி பதிப்புகள். மாஸ்டர்வொர்க்ஸ், எபிக் கலெக்‌ஷன், ஆம்னிபஸ், எசென்ஷியல் என்று நான்கு வகைத் தொகுப்புகள். வாங்கும்போது பெரும்பாலான தவறுகள் எண்களில்தான் நடக்கின்றன.

மாஸ்டர்வொர்க்ஸ் வரிசையில் 'எக்ஸ்-மென் 1' என்பது 1963இல் தொடங்கிய தொடரின் முதல் பத்து இதழ்கள். நமக்கு வேண்டியது 'அன்கேனி எக்ஸ்-மென் 1', அதில் ஜயண்ட்-சைஸ் இதழும் 94 முதல் 100 வரையும் இருக்கும். ஒரு சொல் மாறினால் பன்னிரண்டு வருடம் பின்னால் போய்விடுவீர்கள். எபிக் கலெக்‌ஷனில் குழப்பம் வேறு மாதிரி. அதன் தொகுதி எண்கள் கதையின் காலவரிசைப்படி. புத்தகங்கள் அந்த வரிசையில் வெளிவரவில்லை. புதிய அணியின் தொடக்கம் 5ஆம் தொகுதி, 'செகண்ட் ஜெனிசிஸ்'. முதுகில் 5 என்று இருக்கிறதே என்று பலர் அதைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். முதன்முறை படிப்பவருக்கு எங்கள் பரிந்துரை அதுதான்: கையில் பிடிக்க முடிகிற கனம், பேப்பர்பேக், முழு வண்ணம்.

ஆம்னிபஸ் முதல் தொகுதி 94 முதல் 131 வரை ஒரே புத்தகமாக, 800 பக்கத்துக்கு மேல். பக்க அளவு பழைய காமிக்ஸைவிடப் பெரிது என்பதால் ஓவியம் கண்ணுக்கு விருந்து. ஒன்று கவனியுங்கள்: ஒரே புத்தகம் இரண்டு வெவ்வேறு மேலட்டைகளோடு விற்கப்படும். அட்டைப்படத்தை நம்பாமல், உள்ளடங்கிய இதழ் எண்களைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எசென்ஷியல் வரிசை கறுப்பு வெள்ளை, சாதாரணத் தாள். பைர்னின் பென்சில் கோடுகள் மேல் டெர்ரி ஆஸ்டின் செய்த மை வேலையைக் கோடு கோடாக ரசிக்க அருமையான பதிப்பு. ஆனால் ஃபீனிக்ஸ் கதைக்கு அது பொருந்தாது. ஃபீனிக்ஸ் என்ற பேராற்றல் பெற்று பச்சை உடையில் இருந்த ஜீன், டார்க் ஃபீனிக்ஸாகிச் சிவப்புக்கு மாறும் கணம் வண்ணத்தால் சொல்லப்படுவது. கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே உடை.

இன்னொரு எச்சரிக்கை. 1986இல் 'கிளாசிக் எக்ஸ்-மென்' என்ற மறுபதிப்பு இதழ் தொடங்கியது. பழைய கதைகளுக்கு நடுவே புதிதாக வரைந்த பக்கங்களைச் சேர்த்தார்கள், பின்னால் ஜான் போல்டன் வரைந்த தனிக் கதைகளையும் வைத்தார்கள். போல்டன் கதைகள் பொக்கிஷம், பிறகு கட்டாயம் தேடிப் படியுங்கள். முதல் வாசிப்புக்கு மட்டும் முதலில் அச்சான வடிவமே போதும். கிளாசிக் மறுபதிப்பில், பின்னாளில் தெரிந்ததை முன்னாலேயே சொல்லிவிடும் பக்கங்கள் அங்கங்கே நுழைந்திருக்கின்றன.

[திரையில்: ஒரே பக்கம் இருமுறை. இடப்புறம் பழுப்பேறிய பழைய தாள், வலப்புறம் பளபளக்கும் வெள்ளைத் தாள்.]

நிறம் ஏன் சில பதிப்புகளில் கண்ணைக் கூசுகிறது? அந்தக் காலத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் 25, 50, 100 சதவீத அளவுகளில் கலந்து 64 நிறங்கள் எடுத்தார்கள். மை உறிஞ்சும் மங்கலான செய்தித்தாள் காகிதத்தில் (நியூஸ்பிரிண்ட்) அச்சாகும் என்று தெரிந்தே நிறம் தேர்ந்தார்கள். அதே சதவீதத்தை வழவழப்பான வெள்ளைத் தாளில் அடித்தால் மஞ்சளும் சிவப்பும் கத்தும். நேர் மேலே டியூப் லைட் இல்லாமல், பக்கவாட்டிலிருந்து மஞ்சள் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்தால் பாதித் தொல்லை தீரும். சில பக்கங்களில் மெல்லிய கோடுகள் அடைபட்டுத் தடித்திருக்கும். அது ஓவியரின் பிழை அல்ல. அச்சுக்குப் பயன்பட்ட பழைய ஃபிலிம் நல்ல நிலையில் கிடைக்காதபோது அச்சான இதழிலிருந்தே படத்தை மீட்டதன் அடையாளம்.

[திரையில்: புதிய ஆம்னிபஸ், முதுகு மேசையில் படும்படி நிறுத்தப்பட்டிருக்கிறது.]

புது ஆம்னிபஸ் வந்ததும் நடுவில் விரித்து அழுத்தாதீர்கள், முதுகு முறியும். முதுகை மேசையில் ஊன்றி நிறுத்துங்கள். முன்னட்டை, பின்னட்டை இரண்டையும் மெதுவாகப் படிய விடுங்கள். பிறகு முன்னாலிருந்து இருபது பக்கம், பின்னாலிருந்து இருபது பக்கம் என்று மாற்றி மாற்றித் தடவி அமர்த்திக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். இதைச் செய்தால் நடு மடிப்புக்குள் மறையும் படங்களும் ஓரளவு வெளியே வரும். எபிக் பேப்பர்பேக் பசையால் ஒட்டியது. அதைத் தட்டையாக விரிக்கவே முயலாதீர்கள்.

படிக்கும் வேகம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1978 ஆகஸ்டு வரை இந்தத் தொடர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தது, இதழுக்குச் சுமார் 17 பக்கக் கதை. போன கதையை மறந்திருப்பவருக்காக ஒவ்வொரு இதழிலும் யார் யார், என்ன சக்தி, ஏன் சண்டை என்று மீண்டும் சொல்வார்கள். ஆறு இதழ்களை ஒரே மூச்சில் விழுங்கினால் இந்தத் திரும்பச் சொல்லல் சலிப்பாகிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இதழ் முடிந்ததும் வரும் அடுத்த அட்டைப்படத்தில் நிறுத்துங்கள். முக்கியமாக 137க்குப் பிறகு அன்றைக்கு வேறெதுவும் வேண்டாம். 138 முழுக்கப் பழைய நினைவுகள். உடனே படித்தால் இழுவை, மறுநாள் படித்தால் இழவு வீட்டின் அமைதி.

முன்னுரைகளைக் கடைசிக்கு வையுங்கள். எல்லாருக்கும் முடிவு தெரியும் என்ற எண்ணத்தில்தான் அவை எழுதப்படுகின்றன. 137இன் முடிவுக்கு இன்னொரு வடிவம் உண்டு. ஜீன் உயிர் பிழைத்து, சக்தியை மட்டும் இழப்பதாக முதலில் வரைந்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஏற்கவில்லை. ஒரு கிரகத்தையே அழித்தவளுக்கு அந்தத் தண்டனை போதாது என்றார். அந்த வடிவம் 1984இல் 'ஃபீனிக்ஸ்: தி அன்டோல்ட் ஸ்டோரி' என்று வெளியானது. ஆம்னிபஸ் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஷூட்டர் சொன்னதே சரி என்று எங்களுக்குப் படுகிறது.

143க்கு மேல் தொடர்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 158ஆம் இதழுக்கு முன் 'அவெஞ்சர்ஸ் ஆனுவல் 10' படித்திருக்க வேண்டும். பின்னாளில் அணியில் சேரும் ரோக் முதன்முதலில் வருவதும், மிஸ் மார்வெல் என்ற நாயகியின் சக்தியைப் பறிப்பதும் அதில்தான். பெயரில் எக்ஸ்-மென் இல்லாததால் இணையச் சந்தாவில் இதழ் வரிசையாகப் படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவெஞ்சர்ஸ் பக்கத்தில் தனியாகத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.