சாவி, பியானோ கம்பி, எஃகு வடம்: இல்லாத இயந்திரங்களின் ஓசை

நேயர்களுக்கு வணக்கம். அறிவியல் புனைகதைப் படம், தொடர் என்று பேச்செடுத்தாலே விண்கலத்தின் வடிவம், வேற்றுக்கிரகவாசியின் முகமூடி, கிராபிக்ஸ் என்றுதான் பேச்சு போகும். வானொலியில் முகமூடியைக் காட்ட வழியில்லை. ஆகவே காதுக்கு உரியதை எடுத்துக்கொள்கிறேன். உலகத்தில் இல்லாத ஓர் இயந்திரத்துக்கு ஓசை எப்படிச் செய்தார்கள்?

1963 நவம்பர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்ற காலப்பயணத் தொடர் தொடங்கியது. அதன் ஓசைகள் லண்டன் மைடா வேலில் இருந்த, பிபிசியின் ஒலிப்பிரிவான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் உருவாயின. 1958இல் தொடங்கிய அந்தப் பிரிவில் அப்போது சிந்தசைசர் கிடையாது. டேப் ரெக்கார்டர்களும், பொறியாளர்கள் கருவிகளைச் சோதித்துப் பார்க்க ஒரே சுருதியில் மின்னலை எழுப்பும் ஆசிலேட்டர்களும், டேப்பை வெட்ட ஒரு பிளேடும்தான் கைவசம். ரான் கிரெய்னர் எழுதிய முகப்பு இசையை டெலியா டெர்பிஷயர் இவற்றைக் கொண்டே செய்து முடித்தார். டிக் மில்ஸ் உடனிருந்து உதவினார்.

வேலை எப்படி நடந்தது என்றால், ஒரு கம்பியை மீட்டிப் பதிவு செய்வார்கள். டேப்பின் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், ஓசையின் நீளம் இரட்டிப்பாகும். இப்படி வேகத்தை மாற்றி மாற்றிப் படியெடுத்து, வேண்டிய ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனித் துண்டாக வைத்துக்கொள்வார்கள். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அரை நொடிச் சுரம் என்றால் ஏழரை அங்குலம். அளந்து, வெட்டி, வரிசையாக ஒட்ட வேண்டும். நேர்க்குத்தாக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டக்' என்று கேட்கும். சாய்வாக வெட்ட வேண்டும். கால் அங்குல டேப்பை 45 டிகிரியில் வெட்டினால், ஒரு சுரம் தேய்ந்து அடுத்தது எழ நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் கிடைக்கிறது. காது அதை வெட்டாக உணராது.

பல தடங்களை ஒரே டேப்பில் பதியும் கருவி அவர்களிடம் இல்லை. அடித்தள இசைக்கு ஒரு டேப், மேல் இசைக்கு இன்னொன்று என்று வைத்து, இயந்திரங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலந்தார்கள். ஒரு துண்டு சற்று நீண்டாலும் அதற்குப் பிறகு வருவதெல்லாம் தடம் புரளும். அப்படி ஒரு தவறு நேர்ந்தபோது, மைடா வேலின் நீண்ட நடைக்கூடத்தில் டேப்புகளைப் பக்கம் பக்கமாக விரித்து, எந்த ஒட்டு மற்றவற்றோடு சேராமல் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார்கள். இத்தனை செய்தவரின் பெயர் அந்த இசைக்காகத் திரையில் வந்தது 2013இல், தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில். டெர்பிஷயர் இறந்தது 2001இல்.

அதே தொடரின் டார்டிஸ் கலம் கிளம்பும் ஓசை பிரையன் ஹாட்ஜ்சன் செய்தது. பழுதான பியானோவின் தடித்த கம்பிகளில் தன் தாயாரின் வீட்டுச் சாவியால் இழுத்துப் பதிந்தார். அதைப் பின்னோக்கி ஓடவிட்டார், எதிரொலி சேர்த்தார். கம்பியைச் சாவி கிழித்துக்கொண்டு போகும் அந்தக் கரகரப்பு ஆசிலேட்டரில் கிடைக்காது. பொருளும் பொருளும் உரசும் தடயம் உள்ளே இருப்பதால்தான் ஏதோ கனமான ஒன்று நகர்கிறது என்று நம் காது ஏற்றுக்கொள்கிறது என்பது என் கணிப்பு.

அந்தத் தொடரின் இயந்திர உருவ வில்லன்களான டாலெக்குகளின் குரலுக்கு ரிங் மாடுலேட்டர், அதாவது ஓர் அலையை இன்னோர் அலையால் பெருக்கும் மின்சுற்று. வளையமாகக் கோத்த நான்கு டையோடுகள், இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள், அவ்வளவே. நடிகரின் குரலை 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 முறை அதிரும் அலையால் அது பெருக்குகிறது. குரலில் 200 ஹெர்ட்ஸ் இருந்தால் வெளியே வருபவை 170, 230. 400 இருந்தால் 370, 430. மூல அலைவெண் மறைந்துபோகிறது. மனிதக் குரலின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகள். இங்கே அந்த உறவு அறுந்துவிடுவதால் உலோகத்தன்மை வருகிறது. டையோடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் 30 ஹெர்ட்ஸ் அலை கசிந்து அடியில் உறுமிக்கொண்டே இருக்கும்.

இன்று கணினியில் இதைச் செய்ய முயல்வோர் டிரெமோலோ எஃபெக்டை 30 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு, ஏன் சரியாக வரவில்லை என்கிறார்கள். டிரெமோலோ ஒலியளவை ஏற்றி இறக்குவதோடு சரி, மூலக் குரல் அப்படியே தங்கிவிடும். பெருக்கும் அலை எதிர்மறைப் பக்கமும் போய்வர வேண்டும். 5 ஹெர்ட்ஸில் வைத்தால் வெறும் நடுக்கம். 300க்கு ஏற்றினால் சொற்கள் கரைந்துவிடும். பேசுபவரும் ஒவ்வோர் அசையையும் வெட்டி, ஒரே சுருதியில் நீட்டிப் பேச வேண்டும். பாதி வேலை கருவியுடையது, மீதி வாயுடையது.

இனி 1977, 'ஸ்டார் வார்ஸ்'. வெற்றிடத்தில் ஓசை பரவாதே என்று ரசிகர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான், ஆனால் ஓசையில்லாத விண்கலச் சண்டைக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்? படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், வீரர்கள் ஏந்தும் ஒளிவாளுக்குப் பழைய திரைப்பட புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரத்தையும், தொலைக்காட்சிப் பெட்டியருகே மைக்கில் ஏறிய இரைச்சலையும் கலந்தார். அது நின்ற இடத்தில் நிற்கும் ஓசை. அதை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, அதன் முன்னால் இன்னொரு மைக்கை வீசிப் பதிந்தபோதுதான் வாள் அசைந்தது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால் நெருங்கும்போது சுருதி ஒன்றரை சதவீதம் ஏறும், விலகும்போது அதே அளவு இறங்கும். மொத்தத்தில் ஒரு சுரஸ்தானத்தின் பாதி. நீங்களும் செய்யலாம், ஆனால் மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள், இல்லையேல் காற்றடிக்கும் ஓசைதான் பதிவாகும்.

அதே படத்தின் துப்பாக்கி ஓசை, வானொலிக் கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகு வடத்தைச் சுத்தியலால் தட்டியதிலிருந்து வந்தது. விறைப்பான கம்பி வளைந்து அதிரும்போது உயர்ந்த அலைவெண்கள் வேகமாக ஓடிவரும், தாழ்ந்தவை பின்தங்கும். 'பியூ' என்று மேலிருந்து கீழே சரிவதற்குக் காரணம் அதுதான். கோபுரத்தைத் தேடிப் போய்த் தட்டாதீர்கள். பொம்மைக் கடையில் ஸ்லிங்கி என்ற சுருள்கம்பி கிடைக்கும், உலோகத்தில் வாங்குங்கள், பிளாஸ்டிக் உதவாது. அதன் மேல் முனையை ஒரு பேப்பர் கப்பின் அடியில் செருகி, கப்பைப் பிடித்துக்கொண்டு சுருளைத் தொங்கவிடுங்கள். கீழ் முனை தரையையோ சுவரையோ தொடக்கூடாது, தொட்டால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். கீழ்ப்பக்கத்தை ஸ்பூனால் தட்டுங்கள், கப்பைக் காதருகே வையுங்கள்.