சார்மவுத் கடற்கரையில் பொறுக்கியதில் எது ஃபாசில், எது வெறும் கல்?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் காற்றுச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்பது இங்கிலாந்தின் தெற்குக் கரையில், டார்செட்டில் இருக்கும் சார்மவுத் கடற்கரை. எனக்குப் பின்னால் கருப்பாகச் சரிந்து கிடக்கிறதே, அதற்குப் பிளாக் வென் என்று பெயர். ஜுராசிக் காலத்துக் கடலடிச் சேறு இறுகி உண்டான பாறை, வயது ஏறக்குறைய 19 கோடி வருடம். மழை பெய்தால் ஊறிச் சரிகிறது. கடல் வந்து சேற்றைக் கழுவிக்கொண்டு போய்விட்டு, கனமான சாமான்களை மட்டும் நமக்கு விட்டுவைக்கிறது.

அதனால் சுத்தியல் எல்லாம் வேண்டாம். பாறைக்கு அடியில் போய் நிற்கவே வேண்டாம், மேலிருந்து எப்போது என்ன விழும் என்று சொல்ல முடியாது. டைட் அட்டவணையைப் பார்த்து, கடல் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வாருங்கள். இங்கிருந்து பக்கத்து ஊரான லைம் ரீஜிஸ் பக்கம் கரையோரமாக நடந்து போகிறவர்கள் கடல் ஏறும்போது நடுவில் மாட்டிக்கொள்வது உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். காலையிலிருந்து பொறுக்கியதை இந்தத் துண்டில் பரப்பியிருக்கிறேன். இதில் பாதி ஃபாசில், அதாவது கல்லாகிப் போன பழைய உயிரினம், பாதி குப்பை. எப்படிப் பிரிப்பது? வெளி உருவத்தை நம்பாதீர்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இதில் பாதி வேலை அவ்வளவுதான்.

இதை எடுத்துக்கொள்வோம். விரல் நீளம், பழுப்பு நிறம், ஒரு முனை கூர்மை, அப்படியே துப்பாக்கித் தோட்டா. இது பெலம்னைட். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம், இப்போது உலகில் எங்கும் கிடையாது. நாம் பார்ப்பது அதன் உடம்புக்குள்ளே பின்பக்கம் இருந்த கெட்டியான பகுதி மட்டும். ஆனால் உருண்டு தேய்ந்த எந்தக் குச்சிக் கல்லும் இதே உருவத்தில் இருக்கலாமே? இருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இந்த உடைந்த முனையைப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து விளிம்பு வரைக்கும் மெல்லிய கோடுகள் எல்லாப் பக்கமும் ஓடுகின்றன. கால்சைட் என்ற கனிமத்தின் இழைகள் அப்படி வளர்ந்திருக்கின்றன. சாதாரணக் குச்சிக் கல்லில் இது வராது. அகலமான முனை முழுசாகக் கிடைத்தால் உள்ளே கூம்பு வடிவத்தில் ஒரு குழியும் இருக்கும். அதையும் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

பெலம்னைட்டுக்குக் கணவாய் மாதிரியே மைப்பை உண்டு. லைம் ரீஜிஸில் வாழ்ந்த ஃபாசில் சேகரிப்பாளர் மேரி ஆனிங்கும், அவருடைய தோழி எலிசபெத் ஃபில்பாட்டும் 19ஆம் நூற்றாண்டில் கல்லாகிப் போன அந்த மையைக் கவனித்தார்கள். ஃபில்பாட் அதைப் பொடித்துக் கரைத்துப் படமே வரைந்தார். ஜுராசிக் மையில் ஜுராசிக் மீன்பல்லியை, அதாவது இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவை, வரைவதற்கு ஒரு தனி நெஞ்சு வேண்டும்.

அடுத்தது இது, எல்லோரும் தேடி வருவது. நாணயம் அளவு, பித்தளை மினுக்கம், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். பைரைட் அம்மோனைட். அம்மோனைட் என்பது சுருள் ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன, கணவாயின் இன்னொரு சொந்தம். காற்று எட்டாத சேற்றில் பாக்டீரியா கந்தகச் சேர்மங்களை உண்டாக்க, அது இரும்போடு கூடிப் பைரைட்டாகி, ஓட்டின் உள்ளறைகளை நிரப்பிவிட்டது. இதைக் குட்டி அம்மோனைட் என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் அப்படி இல்லை. பெரிய சுருளின் நடுப்பகுதி இது. வெளிச்சுற்றில் சேறு புகுந்து நசுங்கிப் போயிருக்கும், உள்ளே அடைபட்டிருந்த வெற்று அறைகள் மட்டும் பைரைட் நிறைந்து பிழைத்தன.

நத்தை ஓட்டோடு குழப்பிக்கொள்ளவும் தேவையில்லை. நத்தை பொதுவாகக் கோபுரமாக ஏறும், அம்மோனைட் தட்டையாக ஒரே தளத்தில் சுற்றும். அதோடு பத்து மடங்கு லென்ஸில் பக்கவாட்டைப் பாருங்கள், வளைந்து நெளிந்த கோடுகள் தெரிகின்றனவா? அறைச் சுவர் ஓட்டைத் தொட்ட இடம் அது. நத்தைக்கு இந்த மாதிரி அறைகளே கிடையாது. நம் வீட்டுப் பூஜையறைச் சாளக்கிராமத்தில் சக்கரம் என்று பார்க்கிறோமே, நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைப்பது, அதுவும் அம்மோனைட்தான். சின்ன வயதில் அதைத் தொடவிடாமல் வைத்திருந்தார்கள், இப்போது கைநிறைய வைத்திருக்கிறேன்.

எந்த அம்மோனைட் என்று பெயர் வைக்க வேண்டுமா? சுருளின் மேலிருக்கும் வரிகளையும், விளிம்பையும் பாருங்கள். வரிகள் தடித்து இடைவெளியோடு, ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் இருந்தால் ப்ரொமைக்ரோசெராஸாக இருக்கலாம். சுற்றுகள் நிறைய, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், நேரான வரிகளோடு இருந்தால் எக்கியோசெராஸ். வரிகள் மங்கி, விளிம்பு கத்திபோலக் கூர்ந்திருந்தால் ஆக்ஸினோட்டிசெராஸ். அதற்குமேல் இனம் வரைக்கும் போவது கரையில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை.

இந்தப் பொடிசுகளைப் பாருங்கள், சில மில்லிமீட்டர்தான், ஐந்து முனை நட்சத்திரம். இது கிரைனாய்டின் தண்டுத் துண்டு. கடல் அல்லி என்பார்கள், ஆனால் செடி இல்லை, நட்சத்திரமீனின் உறவு. இதற்கு உடைந்த முகமே தேவையில்லை, தானே நட்சத்திரமாகக் கழன்று வந்திருக்கிறது. நடந்துகொண்டே தேடினால் கண்ணில் படாது. பொடிச் சரளை ஒதுங்கிய இடத்தில் உட்கார்ந்து, அந்த ஒரு அடி இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஏமாற்றுப் பேர்வழிகள். இந்தப் பட்டைக் கல்லை மரம் என்றும் எலும்பு என்றும் எடுத்து வருவார்கள். உடைந்த பக்கம் நாராகத் தெரிகிறது, உண்மைதான். ஆனால் நார்கள் மேலும் கீழும் நேராக நின்று, நடுவில் ஒரு கோட்டில் சந்திக்கின்றன. இது வெறும் கால்சைட் படிவு. எலும்பு என்றால் உடைந்த முகத்தில் நுண்ணிய துளைகள் அடர்ந்திருக்கும். இதோ, கருப்பாக, இரண்டு பக்கமும் குழிந்த வட்டு ஒன்று, விளிம்பில் துளைகள் தெரிகின்றன. இக்தியோசாரின் முதுகெலும்புத் துண்டு என்றே நினைக்கிறேன்.

துருப்பிடித்த இந்த உருண்டையை யாராவது டைனோசர் முட்டை என்று சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், இது பழைய இரும்புச் சாமான். லைம் ரீஜிஸ் பக்கம் பழைய ஊர்க்குப்பை மேடு ஒன்று பாறையோடு சேர்ந்து சரிந்து கரைக்கு வந்துகொண்டிருக்கிறது. கண்ணாடி, கம்பி எல்லாம் அதிலிருந்துதான். கையுறை போடுங்கள்.

போனில் படம் எடுத்துத் தேடலாமே என்று கேட்பீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, சுருளாக எதைக் காட்டினாலும் அம்மோனைட் என்றே சொல்கிறது. இங்கே கரைக்கு மேலேயே சார்மவுத் ஹெரிடேஜ் கோஸ்ட் சென்டர் இருக்கிறது. எடுத்ததைக் காட்டினால் பார்த்துச் சொல்வார்கள். அறிவியலுக்கு முக்கியமான எதையாவது எடுத்தால் அங்கே பதிவு செய்ய வேண்டும் என்பது இந்தக் கரையின் வழக்கம். அந்த வட்டை நானும் இப்போது அங்கேதான் எடுத்துப் போகிறேன்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். பைரைட் அம்மோனைட்டை அப்படியே பெட்டியில் போட்டு மூடினால் ஈரம் பட்டு வெள்ளைப் பொடியாக உதிரும், கந்தக வாடை வேறு அடிக்கும். நல்ல தண்ணீரில் உப்புப் போக ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, நன்றாகக் காயவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற அந்தப் பொட்டலமே போதும். பெலம்னைட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஜன்னலோரம் வைத்தாலும் அப்படியே கிடக்கும்.